கேபரேவும் குதிரை மண்டையோடும்: கிறிஸ்துமஸ்ல உலகம் ஏன் கொஞ்ச நாள் தலைகீழா நிக்குது?

டிசம்பர் பொறந்தா போதும், "உலகத்துல இப்படியெல்லாமா கிறிஸ்துமஸ் கொண்டாடுறாங்க"ன்னு ஒரு லிஸ்ட் சுத்த ஆரம்பிச்சிடும். ஆஸ்திரியால கொம்பு வச்ச பேய், ஸ்பெயினோட கத்தலோனியால குடிலுக்குள்ள ஒருத்தன் குத்தவச்சு வெளிக்கி இருக்கான், ஜப்பான்ல பொரிச்ச கோழி, வேல்ஸ்ல ஒரு குதிரை மண்டையோடு வீடு வீடா வருது, நடுவுல கிறிஸ்துமஸ் கேபரேன்னு ஏதோ ஒண்ணு. படிச்சிட்டு சிரிச்சிட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிடுறோம்.

எனக்கு இதுல ரெண்டு வருத்தம். கேபரேன்னாலே அரைகுறை டிரெஸ்ல ஆடுற டான்ஸ்னு முடிவு கட்டிடுறாங்க. அதே மாதிரி விநோதமா எதப் பாத்தாலும் "இது ஏசு பொறக்குறதுக்கு முன்னாடியே இருந்த பழக்கம், அப்படியே வந்துகிட்டு இருக்கு"ன்னு அடிச்சு விட்டுடுறாங்க. ரெண்டும் முக்காவாசி தப்பு. இந்த லிஸ்ட்ல வர்ற பாதிக்கு மேல விஷயங்களுக்கு உள்ள ஓடுற எஞ்சின் ஒண்ணுதான், அது தெரிஞ்சிட்டா மண்டையோடும் கேபரேவும் சொந்தக்காரங்கன்னு தானா புரிஞ்சிடும்.

ஆபீஸ் ஆண்டு விழாவுல இருந்து ஆரம்பிப்போம்

ஒரு கம்பெனி ஆண்டு விழா. மேடையில ஒரு ஜூனியர் பையன் பெரிய மேனேஜர் மாதிரி நடந்து காட்டுறான், அவரு மூக்குக் கண்ணாடிய ஏத்தி விடுறது, "டெட்லைன் டெட்லைன்"னு கத்துறது எல்லாத்தையும் பண்றான், ஹால் முழுக்க சிரிக்குது, முன் வரிசையில உக்காந்திருக்க அந்த மேனேஜரும் சிரிச்சே ஆகணும். அதே பையன் மறுநாள் காலையில அவரு கேபின்ல போய் அதே மாதிரி நடந்து காட்டினா? சீட்டு கிழிஞ்சிடும்.

அப்போ மொத நாள் என்ன காப்பாத்துச்சு? அன்னைக்கு அதுக்கு அனுமதி இருந்துச்சு. மேடை, வேஷம், மைக்னு ஒரு மறைப்பு இருந்துச்சு. எட்டு மணிக்கு முடிஞ்சிடும்ங்கிற கெடு இருந்துச்சு. முடிஞ்சதும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிடணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. அனுமதி, வேஷம், கெடு, திரும்புதல், இந்த நாலும் சேர்ந்து மேல இருக்கவன் கீழயும் கீழ இருக்கவன் மேலயும் கொஞ்ச நேரம் இடம் மாறுறதுக்குப் பேருதான் தலைகீழாக்கம். இந்தக் கட்டுரையில இதுதான் முக்கியமான டெக்னிக்கல் வார்த்தை, இனிமே இந்த அர்த்தத்துலதான் சொல்லப்போறேன்.

கிளாஸ்ல டீச்சர் வெளிய போன நேரம் பசங்க போடுற ஆட்டம் இதுல சேராது. அங்க அனுமதி இல்ல, மாட்டினா அடிதான். இந்த வித்தியாசத்த கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில ஒரு ஆட்டுக்கிடாய் விஷயத்துல தேவைப்படும்.

வைன் பீப்பாய் வெடிக்காம இருக்க

பழைய ரோம்ல டிசம்பர் 17ல ஆரம்பிக்கிற சாட்டர்னேலியான்னு ஒரு திருவிழா, நாளடைவுல ஒரு வாரம் வரைக்கும் நீண்டுச்சு. அந்த நாள்கள்ல அடிமைங்க எஜமானோட சமமா உக்காந்து சாப்பிடலாம், சில வீட்ல எஜமானே பரிமாறுவாராம், மத்த நாள்ல தடையா இருந்த சூதாட்டம் வெளிப்படையா நடக்கும், சீட்டுக் குலுக்கி ஒரு டம்மி ராஜாவ தேர்ந்தெடுப்பாங்க, அவன் என்ன கிறுக்குத்தனமா ஆர்டர் போட்டாலும் செய்யணும். திருவிழா முடிஞ்சா அடிமை அடிமைதான், அதுல ஒரு மாற்றமும் கெடையாது.

இத படிச்ச உடனே "பாத்தியா, கிறிஸ்துமஸ் கூத்தெல்லாம் அங்கிருந்துதான் வந்துச்சு"ன்னு ஒரு நேர்கோடு போடத் தோணும். போடாதீங்க. பிரான்ஸ் தேவாலயங்கள்ல முட்டாள்கள் திருநாள்னு ஒண்ணு நடந்துச்சு, ஜனவரி 1 வாக்குல கீழ்மட்ட குருமாருங்க பெரியவங்க இடத்த எடுத்துகிட்டு வழிபாட்ட நடத்துற நாள். அது தலையெடுக்குறது 12ஆம் நூற்றாண்டுல, ரோமானியத் திருவிழா மறைஞ்சு பல நூறு வருஷம் கழிச்சு. நடுவுல சங்கிலி இல்ல. ஒரே மாதிரி அழுத்தம் இருக்குற எடத்துல ஒரே மாதிரி வால்வு தானா மொளைக்குது, அவ்வளவுதான்.

வால்வுன்னு நான் குக்கர மனசுல வச்சு சொல்றேன், ஆனா அந்தக் காலத்து ஆளுங்களே கிட்டத்தட்ட இதே உவமைய சொல்லியிருக்காங்க. 1435ல பாசல் நகரத்து சர்ச் மாநாடு இந்தத் திருநாள கண்டிச்சுது. 1440கள்ல பாரிஸ் பல்கலைக்கழகத்து இறையியல் ஆளுங்களும் இத ஒழிக்கச் சொல்லி ஒரு கடிதம் போட்டாங்க, அதுல எதிர்த்தரப்பு சொல்ற சமாதானத்தையும் எழுதி வச்சிருக்காங்க. அதாவது வைன் பீப்பாய அப்பப்ப தொறந்து காத்து விடலன்னா வெடிச்சிடும்ல, அதே மாதிரிதான் நாங்களும், வருஷத்துல ஒரு நாள் கிறுக்குத்தனம் பண்ணிட்டா மீதி நாளெல்லாம் பக்தியா இருப்போம்னு. ஒழிக்க எழுதின கடிதத்தாலயே அந்த வாதம் பொழச்சு நம்ம கைக்கு வந்திருக்கு, அதுவும் ஒரு தலைகீழ்தான்.

இங்கிலாந்துல இதோட குட்டி வடிவம், பையன் பிஷப். டிசம்பர் 6ல பாடகர் குழுவுல இருந்து ஒரு சின்னப் பையன தேர்ந்தெடுத்து பிஷப் உடுப்பு, தொப்பி, செங்கோல் எல்லாம் மாட்டி விடுவாங்க, டிசம்பர் 28 வரைக்கும் அவன்தான் பிஷப், பிரசங்கம் கூட பண்ணுவான். ராஜா எட்டாம் ஹென்றி 1541ல இதுக்குத் தடை போட்டாரு. ஏற்கனவே போப்ப தூக்கிட்டு சபைக்குத் தானே தலைவர்னு உக்காந்துட்டவரு அவரு, அந்த நெலமைல தலைமைய வச்சு விளையாடுறது அவருக்கு ரசிச்சிருக்காதுன்னு எனக்குத் தோணுது.

வால்வ அடைச்சா என்ன ஆகும்னும் பாத்தாச்சு. 1647ல இங்கிலாந்து பார்லிமென்ட் கிறிஸ்துமஸையே ரத்து பண்ணுச்சு, அந்த வருஷம் டிசம்பர் 25 அன்னைக்கு கடைய தொறந்து வைக்கச் சொன்ன கோபத்துல கேன்டர்பரி ஊர்ல கலவரமே வெடிச்சுது.

இதுவரைக்கும் சொன்னத சுருக்கினா: பண்டிகைக் கூத்து சும்மா வெறியாட்டம் கெடையாது, அனுமதியும் கெடுவும் உள்ள தலைகீழாக்கம். அது பரம்பரை பரம்பரையா ஒரே கொடியில வரணும்னு இல்ல, தேவை இருக்குற எடத்துல புதுசு புதுசா மொளைக்கும்.

சரி, ஏன் டிசம்பர்?

வடக்கு ஐரோப்பாவுல டிசம்பர்னா விவசாய வேலை முடிஞ்ச காலம். அறுவடை உள்ள வந்தாச்சு. குளிருக்கு முழு மந்தைக்கும் தீனி போட முடியாதுன்னு கொஞ்சம் மாட்ட, பன்னிய வெட்டியிருப்பாங்க, அதனால புது இறைச்சி இருக்கு. புது தானியத்துல போட்ட பீர் தயாரா இருக்கு. வேலையாளுங்களுக்கு வேலை இல்ல. ஸ்டாக்ஹோம் பக்கம் அந்த மாசத்துல பகல்ங்கிறதே ஆறு மணி நேரந்தான். வயிறு நெறைஞ்சு, கை சும்மா இருந்து, ராத்திரியும் நீளமா இருந்தா ஜனங்க என்ன பண்ணுவாங்க, பக்கத்து வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க.

கதவத் தட்டுற மண்டையோடு

தெற்கு வேல்ஸ்ல மாரி லூயிட். நெஜமான குதிரை மண்டையோட்ட ஒரு கம்புல சொருகி, வெள்ளைத் துணி போத்தி, ரிப்பன் கட்டி, தாடை டக்கு டக்குன்னு மூடித் தொறக்குற மாதிரி வச்சு, துணிக்குள்ள ஒருத்தர் நின்னுகிட்டு ஊர்வலமா வருவாங்க. மூடின கதவுக்கு முன்னாடி நின்னு பாட்டுல கிண்டல் பண்ணி "உள்ள விடு"ன்னு கேப்பாங்க. உள்ள இருக்கவங்களும் பாட்டுலயே பதில் சொல்லி "போய்யா வெளிய"ன்னு வெரட்டணும். இந்த எதிர்ப்பாட்டுக்கு புங்கோன்னு பேரு. எசகு பிசகா திட்டிக்கலாம், உன் குரல் கழுதைக் குரல்னு சொல்லலாம், ஆனா எல்லாம் மெட்டோட சொல்லணும். யாருக்கு வரி தீந்து போகுதோ அவங்க தோத்தாங்க, வீட்டுக்காரங்க தோத்தா கதவு தொறக்கணும், குடிக்கவும் சாப்பிடவும் குடுக்கணும். ராத்திரி நேரத்துல தெருக்காரங்க வீட்டுக்காரன்கிட்ட விருந்து கேக்குறாங்க, சாதாரண நாள்ல அது பிச்சை இல்லன்னா மெரட்டல், அன்னைக்கு மட்டும் உரிமை. மண்டையோட்டப் பாத்து கெல்டிக் குதிரைத் தெய்வம்னு கதை கட்டுறவங்க நெறைய, ஆனா எழுத்துல இது மொதல்ல வர்றதே 1800ல.

கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல மம்மரிங். கிறிஸ்துமஸ்ல இருந்து பன்னண்டு நாள், ஆளுங்க முகத்த துணியால மூடி, ஆம்பள பொம்பள டிரெஸ்லயும் பொம்பள ஆம்பள டிரெஸ்லயும், தலையணைய வயித்துல கட்டிகிட்டு வீட்டுக்குள்ள வந்து ஆடுவாங்க. குரல வச்சுக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு மூச்ச உள்ள இழுத்துகிட்டே பேசுவாங்க, நீங்களும் ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாருங்க, சொந்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. வீட்டுக்காரங்க யாருன்னு சரியா சொல்லிட்டா முகமூடிய கழட்டணும், அப்புறம் கேக்கு, சரக்கு. ஆனா வேஷத்துக்குள்ள ஒளிஞ்சிகிட்டு பழைய பகைய தீத்துக்குறவனும் உண்டு. 1860ல ஒருத்தர் முகமூடிக்காரங்க கையில அடிபட்டு செத்தாரு, அடுத்த வருஷமே வேஷம் போட்டு வெளிய வர்றதுக்கு எதிரா சட்டம் வந்துச்சு.

ஆல்ப்ஸ் மலைப் பக்கம் க்ராம்பஸ், டிசம்பர் 5 சாயங்காலம். மரத்துல செதுக்குன முகமூடி, ஆட்டுத்தோல், இடுப்புல மாட்டு மணி, கையில மிலாறு. மறுநாள் புனித நிக்கோலஸ் திருநாள், அவரு பரிசு குடுப்பாரு, க்ராம்பஸ் வெளாசுவான். ஒழுங்கா உள்ள சாமியாரும் அடங்காத பேயும் ஜோடியா வர்றதுதான் அங்க விஷயம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பெரு நாட்டு தகனகுய். குஸ்கோ பகுதியில சும்பிவில்காஸ்ங்கிற மலைப் பிரதேசத்துல, டிசம்பர் 25 அன்னைக்கு வருஷம் முழுக்க சேர்த்து வச்ச சண்டைய எல்லார் முன்னாடியும் கையாலயே போட்டுத் தீத்துக்குவாங்க. கடிக்கக் கூடாது, கீழ விழுந்தவன அடிக்கக் கூடாது, நடுவர் சாட்டையோட நிப்பாரு, முடிஞ்சதும் கட்டிப் பிடிக்கணும். அனுமதி, வேஷம் (முகமூடியும் உண்டு), கெடு, திரும்புதல், நாலும் டிக் ஆகுது பாருங்க.

இப்ப கேபரேவுக்கு வருவோம்

பிரெஞ்சுல கேபரேங்கிற வார்த்தைக்கு மொதல்ல அர்த்தம் வைன் கடை, சாராயக் கடைன்னுதான். இன்னைக்கு நாம சொல்ற கேபரேவோட தொடக்கம் 1881 நவம்பர்ல, பாரிஸ் மோன்மார்த்ர் பகுதியில ரொடால்ஃப் சாலிஸ் தொறந்த லே ஷா நுவார், அதாவது கறுப்புப் பூனை. கவிஞருங்க, ஓவியருங்க, பாடகருங்க ஒரே ரூம்ல குடிச்சிகிட்டே அரசியல்வாதிங்களையும் பணக்காரங்களையும் நக்கலடிக்கிற எடம். பிரெஞ்சு அகாடமி அறிஞருங்க போடுற உடுப்ப அங்க சர்வருங்களுக்கு மாட்டி விட்டிருந்தாங்க, நாட்டுல பெரிய மூளைங்க போடுற டிரெஸ்ல ஒருத்தர் உங்களுக்கு பீர் கொண்டு வந்து வைக்கிறாரு! சாட்டர்னேலியாவ அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி இல்ல?

1885ல அந்தக் கடை வேற எடம் போனதும் பழைய எடத்துல அரிஸ்டீட் ப்ருவான்னு ஒரு பாடகர் தன் கடைய போட்டாரு. அவரு ஸ்பெஷாலிட்டி என்னன்னா உள்ள வர்ற பணக்காரக் கஸ்டமர திட்டுறது. அந்தப் பணக்காரங்களும் காசு குடுத்து திட்டு வாங்க வரிசையில வந்தாங்க. துலூஸ் லோத்ரெக் வரைஞ்ச போஸ்டர்ல பெரிய கறுப்புத் தொப்பி, சிவப்பு மஃப்ளரோட நிக்கிறாரே, அவருதான். நம்ம மனசுல இருக்க காலத் தூக்கி ஆடுற படம் 1889ல தொறந்த மூலன் ரூஜ்ங்கிற டான்ஸ் ஹால் பக்கத்து விஷயம், அது கேபரேவோட ஒரு கிளை, வேர் கெடையாது.

கேபரேவ வேற மேடைக் கலையில இருந்து பிரிக்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு, பாக்குறவங்க மேசை போட்டு சாப்பிட்டுகிட்டும் குடிச்சிகிட்டும் ஆர்ட்டிஸ்டுக்குப் பக்கத்துலயே இருப்பாங்க, நடுவுல கண்ணுக்குத் தெரியாத சுவர் கெடையாது. ரெண்டு, கான்ஃபெரான்சியே, அதாவது ஒரு அயிட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வந்து பேசி, கேலி பண்ணி, மொத்தத்தையும் ஒரே நூல்ல கோக்குற தொகுப்பாளர். பாட்டு, மேஜிக், ஒரு ஸ்கிட், ஆம்பள பொம்பள வேஷம் எது வேணா இருக்கலாம், டான்ஸ் இல்லாமயே கூட கேபரே நடக்கும்.

ஜெர்மன்காரங்க இதுல தெளிவு. 1901ல பெர்லின்லயும் ம்யூனிக்லயும் மேடைங்க ஆரம்பிச்சுது, கே எழுத்துல எழுதுற கபரெட்னா அரசியல் நையாண்டி, சி எழுத்துல எழுதினா பெரும்பாலும் ஆட்டம் பாட்டு கவர்ச்சின்னு பிரிச்சு வச்சிருக்காங்க. இங்க அனுமதிங்கிற விஷயம் எவ்வளவு முக்கியம்னு 1935ல தெரிஞ்சுது: பெர்லின்ல வெர்னர் ஃபிங்க்குங்கிறவரு நடத்துன கட்டகோம்பெங்கிற மேடைய நாஜி அரசு மூடிட்டு அவர எஸ்டர்வேகன் வதை முகாம்ல போட்டுச்சு. ராஜா சிரிக்க மறுத்துட்டா கோமாளிக்குப் பாதுகாப்பு இல்ல.

பண்டிகைக் கேபரேன்னா என்ன, இதே சாமான் செட்டுதான், கிறிஸ்துமஸ் ராத்திரி மேல திருப்பி விட்டது. எல்லாருக்கும் மெட்டு தெரிஞ்ச கேரல் பாட்டுல வார்த்தைய மாத்திப் பாடுறது, சாண்டாவ வேலைநிறுத்தம் பண்ண விடுறது, குடும்ப டின்னர் சண்டைய மேடைக்கு ஏத்துறது. புனிதமா எல்லாருக்கும் தெரிஞ்சது இருந்தாத்தான் அத கவுக்க முடியும், அதனாலதான் கேபரேவுக்கு டிசம்பர் தங்கமான மாசம்.

நெதர்லாந்துல இது தேசியப் பழக்கமாவே ஆயிடுச்சு. விம் கான்ங்கிற கலைஞர் 1954 டிசம்பர் 31 ராத்திரி ரேடியோவுல தனி ஆளா அந்த வருஷத்து அரசியல கிழிச்சுத் தொங்க விட்டாரு, 1973ல அது டிவிக்கு வந்துச்சு, இப்ப வருஷக் கடைசி ராத்திரி ஒரு கேபரே ஆர்ட்டிஸ்ட் வந்து எல்லாரையும் வறுத்தெடுக்கலன்னா அங்க வருஷம் முடிஞ்ச மாதிரியே இருக்காது. கெடு பாத்தீங்கள்ல? பன்னண்டு மணி வரைக்கும்தான்.

பிரிட்டன்ல அந்த வேலைய பாண்டோமைம் செய்யுது. பேர வச்சு ஊமை நாடகம்னு நினைச்சிடாதீங்க, உலகத்துலயே சத்தமான நாடகம் அது. பாட்டி வேஷத்துல மீசைக்கார ஆம்பள வருவாரு, அவருக்கு டேம்னு பேரு. இளவரசன் வேஷத்த ரொம்ப காலமா பொம்பளதான் போட்டுச்சு. வில்லன் பின்னாடி வந்தா பசங்க "உனக்குப் பின்னாடி இருக்கான்!"னு ஹாலே அதிர கத்தணும், தியேட்டர்ல வாய மூடிகிட்டு உக்காரணும்ங்கிற ரூல் அங்க தலைகீழ். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில லண்டன் ட்ரூரி லேன் தியேட்டர் டான் லீனோ மாதிரி மியூசிக் ஹால் (பாட்டும் காமெடியும் கலந்த மேடை) ஸ்டாருங்கள டேம் வேஷத்துக்குக் கொண்டாந்துச்சு, அங்க இருந்துதான் இன்னைய வடிவம்.

சுருக்கமா: கேபரேங்கிறது டிக்கெட் போட்ட தலைகீழாக்கம். தெருவுல மண்டையோட்ட தூக்கிகிட்டு வந்தவன் செஞ்சத, ஹாலுக்குள்ள மைக்க புடிச்சவன் செய்யுறான்.

ஒரு கேள்வி மட்டும் விட்டுப் போச்சு, சிரிப்பு யார் மேல? மேல இருக்கவன் மேல சிரிச்சா அது தலைகீழ். ஏற்கனவே கீழ அமுக்கப்பட்டவன் மேல சிரிச்சா அங்க ஒண்ணும் கவுறல, இருந்தது அப்படியேதான் இருக்கு. ஃபிலடெல்ஃபியாவுல ஜனவரி 1ல நடக்குற மம்மர்ஸ் ஊர்வலத்துல வெள்ளைக்காரங்க முகத்துல கறுப்பு பூசிகிட்டு ஆடுன பழக்கத்த 1964ல தடை பண்ண வேண்டி வந்துச்சு. திருவிழான்னு சொல்லி எல்லாத்தையும் மன்னிக்க முடியாது.

ஆனா எல்லாமே தலைகீழாக்கம் கெடையாது

ஜப்பான் கோழிய எடுத்துக்கோங்க. கிறிஸ்தவங்க நூத்துக்கு ஒருத்தர் அளவுக்குத்தான் அங்க இருக்காங்க. 1970ல அந்த நாட்டுக்குள்ள வந்த கேஎஃப்சி, 1974ல "கிறிஸ்துமஸ்னா கென்டக்கி"ன்னு நாடு முழுக்க விளம்பரம் பண்ணுச்சு, இப்ப பல வாரம் முன்னாடியே புக் பண்ணாதான் கெடைக்கும். இதுல யாரும் யாரையும் கவுக்கல, சுத்தமான வியாபாரம். மெக்சிகோவோட வஹாகா நகரத்துல டிசம்பர் 23 ராத்திரி முள்ளங்கிய செதுக்கி பொம்மை பண்ற போட்டி, 1897ல இருந்து நடக்குது, சந்தையில காய்கறிய கவர்ச்சியா காட்டுறதுல இருந்து வளந்தது. வெனிசுலாவோட காரகாஸ்ல விடியக்காலை பூசைக்கு ரோலர் ஸ்கேட்ல போறாங்க, அது ஊரே சேர்ந்து ஜாலியா போற விஷயம், அவ்வளவுதான்.

இந்த மாதிரி கிட்டத்துல உண்டாகி, பழசு மாதிரி முகம் காட்டுற பழக்கங்கள உருவாக்கப்பட்ட மரபுன்னு சொல்வாங்க. பொய்னு அர்த்தம் இல்ல, பொறந்த தேதி தெரியும்னு அர்த்தம்.

ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவன் கத்தலோனியாவோட ககனேர், குடிலோட ஒரு மூலையில பேன்ட்ட எறக்கிட்டு உக்காந்திருக்க அந்த சிவப்புத் தொப்பி விவசாயி. மண்ணுக்கு உரம் போடுறான், அதனால அடுத்த வருஷம் வெளையும்னு ஒரு விளக்கம் சொல்வாங்க. இப்ப கடையில பிரதமர், ஜனாதிபதி, ராஜ குடும்பம், ஃபுட்பால் ஸ்டார்னு எல்லாரும் அதே போஸ்ல பொம்மையா கெடைக்கிறாங்க, அவ்வளவு பெரிய ஆளும் குத்தவச்சுத்தானே ஆகணும். 2005ல பார்சிலோனா நகராட்சி தன்னோட குடில்ல அவன வைக்காம விட்டுடுச்சு. ஊர் கொந்தளிச்சு, அடுத்த வருஷம் அவன் திரும்ப வந்து உக்காந்துட்டான்.

அனுமதி இல்லாத ஆடு

ஸ்வீடன்ல யேவ்லேன்னு ஒரு ஊர். 1966ல கடைக்காரங்க சேர்ந்து கூட்டம் வரட்டும்னு சதுக்கத்துல 13 மீட்டர் உயரத்துக்கு வைக்கோல்ல ஒரு ஆட்டுக்கிடாய் நிறுத்துனாங்க. வருஷக் கடைசி ராத்திரி யாரோ கொளுத்திட்டாங்க. அப்புறம் வருஷா வருஷம் கட்டுறதும், யாராவது எரிக்கிறதும், காவல் போடுறதும், கேமரா வைக்கிறதும்னு ஓடுது, பாதிக்கு மேல வருஷங்கள்ல ஆடு முழுசா தப்பிச்சதில்ல. ஊர்ல எல்லாரும் இந்த வருஷம் எரியுமா எரியாதான்னு பேசுறாங்க, ஆனா எரிக்கிறது குற்றம். அனுமதி கெடையாது. டீச்சர் இல்லாத கிளாஸ் அது.

2001ல ஒரு அமெரிக்க டூரிஸ்ட் இந்த வித்தியாசம் தெரியாம, இதுவும் சட்டப்படி நடக்குற பண்டிகை சம்பிரதாயம்தான்னு நம்பி லைட்டர எடுத்து கொளுத்திட்டாரு. 18 நாள் ஜெயில். லைட்டரையும் புடுங்கிட்டாங்க. 2023ல வைக்கோல்ல தானியம் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சாம், காக்கா கூட்டம் வந்து ஆட்ட கொத்திக் கொத்தித் தின்னே மொட்டையாக்கிடுச்சு, அதுங்க மேல ஒரு கேஸும் இல்ல.